செவ்வாயில் இரும்பு

1

இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷம் முடிந்த வாரத்தில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். பிரான்சின் தெற்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர நகரம். நம்மூர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஒரு கட்டடம். வரிசையில் நிற்பவர்கள் காகித உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் விதம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், வேலை எதுவரைக்கும் என்று கேட்டார். எதைப் பற்றிய வேலை என்று கேட்டதாக என் காதில் விழுந்தது. "மார்ஸ்" என்றேன்.

பிரெஞ்சில் மார்ஸ் என்றால் செவ்வாய்க் கிரகம். மார்ச் மாதத்துக்கும் அதே சொல்தான்.

"இந்த மார்ஸா, அடுத்த மார்ஸா?"

"ஒரே ஒரு மார்ஸ்தானே இருக்கிறது, மேடம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். பிறகு அந்த அம்மாளே வேலை ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஓ, அந்த மார்ஸா என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வெளியே வந்து டிராமுக்குக் காத்திருந்தபோதுதான் காது சுட்டது. ஏழு வருஷம் இந்த ஊரில் ரொட்டி வாங்கியிருக்கிறேன், கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தால் இன்னும் பத்தாம் வகுப்புப் பையன்தான்.

அட்டை வரக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை வெளிநாடு போகாமலிருப்பது நல்லது என்று ஆய்வுக்கூட அலுவலகத்தில் சொன்னார்கள். ஊரில் என் தங்கை அமுதாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணன்காரன் நேரில் இருக்க வேண்டிய இடம். இனிமேல் போனில்தான் இருக்க முடியும் என்று ஆயிற்று.

2

நான் என்ன செய்கிறேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் வெட்கத்துக்கு அது தேவைப்படும்.

செவ்வாய் சிவப்பாக இருப்பது இரும்பால். இரும்பு தண்ணீரோடும் காற்றோடும் சேர்ந்து பல வகைத் தாதுக்களாக மாறும். குளிரில் ஒரு வகை, சூட்டில் ஒரு வகை. புளிப்புத் தண்ணீரில் ஒன்று, நல்ல தண்ணீரில் வேறொன்று. சில மஞ்சள், சில செங்கல் நிறம், சில காய்ந்த ரத்தம் மாதிரி. இவற்றை நாங்கள் கண்ணாடிக் குடுவைகளில் செய்து, காயவைத்துப் பொடியாக்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் பாய்ச்சுவோம். திரும்பி வரும் ஒளியில் சில இடங்கள் காணாமல் போயிருக்கும். வரைபடத்தில் அது பள்ளமாகத் தெரியும். ஒவ்வொரு தாதுவுக்கும் அதனதன் பள்ளம். தாதுவுக்குள் தண்ணீர் சிக்கியிருந்தால் அதற்கென்று தனிப் பள்ளம். செவ்வாயைச் சுற்றும் விண்கலங்கள் அனுப்பிய வரைபடங்களோடு எங்களுடையதை ஒப்பிட்டால், அங்கே அந்த இரும்பு எப்படி உண்டானது, அப்போது எப்படிப்பட்ட தண்ணீர் இருந்தது என்று ஓரளவு சொல்லலாம்.

ஓரளவு என்பதுதான் முக்கியம். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி முதல் நாளே சொன்ன விதி ஒன்று உண்டு: வரைபடத்தின் கோடு சொல்வதற்கு மேல் ஒரு சொல் பேசாதே. அதைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

எங்களூர் கீழ்பென்னாத்தூர் பக்கம். மானாவாரியில் வேர்க்கடலை, கிணறு நிரம்பினால் நெல். வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பிரான்சில் இடம் கிடைத்தது, செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, "வேற கிரகம் ஒண்ணும் கிடைக்கலியா நைனா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அமுதாவுக்குச் செவ்வாய் தோஷம். ஏழில் செவ்வாய். அவள் பிறந்தபோதே ஜோசியர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து செவ்வாய்க்கிழமை என்றால் அம்மா அவளைப் பஸ் ஏற்றித் திருவண்ணாமலைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் நவக்கிரகத்தைச் சுற்றவைப்பாள். துவரம்பருப்பு வைத்து, சிவப்புத் துணி சாத்தி, விளக்கேற்றி வருவார்கள். இங்கே எங்கள் ஆய்வுக்கூடக் கூட்டமும் செவ்வாய்க்கிழமைதான். பிரெஞ்சிலும் அந்தக் கிழமையின் பெயர் அந்தக் கிரகத்திலிருந்தே வந்தது. ஒரே கிழமையில் அண்ணன் அந்தக் கிரகத்தைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறான், தங்கை அதே கிரகத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுற்றி வருகிறாள். இது எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். கருத்தரங்குகளில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

3

அமுதா டிகிரி முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்லா, ஆர்டர், சமையற்காரர்களிடம் சண்டை, எல்லாம் அவள்தான். வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷ், ரஷ்யாக்காரர்களிடம் ரஷ்யனில் சில்லறை கேட்கிற அளவுக்கு ரஷ்யன். "உன்னைவிட நான்தான் ஜாஸ்தி வெளிநாட்டுக்காரங்ககிட்ட பேசறேன்" என்று என்னைக் கேலி செய்வாள்.

அந்தக் கடைக்குப் பால், ரொட்டி எல்லாம் கொண்டுவந்து போடும் வேன் சரவணனுடையது. சொந்த வண்டி. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. ஒரே சாதி, ஒரே பக்கம், வேறு தடையே இல்லை. தடை அந்தக் கிரகம் மட்டும்தான். சரவணனுக்கு அப்பா இல்லை. அம்மா ராஜேஸ்வரி. குடும்பத்தில் எதற்கும் அவனுடைய பெரியப்பா ஒரு சொல் சொல்ல வேண்டும். பெரியப்பா பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் ஜாதகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போயிருந்தன. அப்போதெல்லாம் அமுதா தோளைக் குலுக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இந்த முறை அப்படி இல்லை. "இது மட்டும் போயிட்டா நான் யாரையும் கட்டிக்க மாட்டேண்ணா" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்வாள்.

அப்பாவுக்குக் கவலை தாங்கவில்லை. சரவணன் வீட்டாரிடம் போய், செவ்வாயைப் பத்தி எங்க பையனுக்குத் தெரியாதது இல்லை, அவனையே கேட்டுக்குங்க என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உட்கார்ந்தேன். இங்கே காலை, அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். திரையில் எங்கள் வீட்டுக் கூடம்; பெரியப்பா நடுவில், பக்கத்தில் ராஜேஸ்வரி அத்தை, ஓரத்தில் அப்பாவின் பாதி முகம். அமுதா எங்கோ உள்ளே.

நலம் விசாரித்து, அங்கே குளிரா என்று கேட்டு முடித்த பிறகு பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, செவ்வாயைப் பத்தி நீங்கதான் படிச்சிருக்கீங்களாம். அப்பா சொன்னாரு. நீங்களே சொல்லுங்க, அங்க இன்னா இருக்குது?"

அந்தக் கேள்வியைத்தான் தினமும் என்னிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் சம்பளம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அது சிவப்பா இருக்கிறதுக்குக் காரணம் வேற ஒண்ணும் இல்லைங்க பெரியப்பா. இரும்பு. இரும்புத் துரு. கிரகம் பூரா துரு ஏறிக் கிடக்குது, அவ்ளோதான். அதுக்கும் யாரோட கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க."

அப்பா இருமினார். பெரியப்பா முகத்தில் ஒரு மாற்றம்.

"இரும்பா?"

"ஆமாங்க."

"நல்லாத் தெரியுமா?"

"சந்தேகமே வேணாங்க. நாங்க அளந்து பார்த்தது."

அவர் அத்தையின் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "செவ்வாய்க்குச் செம்புதாம்மா. இரும்பு சனியோடது. தம்பி இன்னா சொல்றாருன்னா, செவ்வாயில சனி வந்து உட்கார்ந்துகினு இருக்குது. அதுவும் துருப்புடிச்சு."

நவக்கிரகங்களுக்கும் உலோகம் உண்டு என்பது எனக்குத் தெரியாததா? சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்ந்தவன்தான் நான். செவ்வாயும் சனியும் சேர்ந்தால் கல்யாண ஜாதகத்தில் அதைவிட மோசம் இல்லை என்று எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரியும். தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. அவசரமாகத் திருத்தப் பார்த்தேன். இரும்பு மட்டும் இல்லைங்க, கந்தகமும் ஜாஸ்தி என்றேன்.

அதன்பிறகு திரையில் மின்விசிறிதான் தெரிந்தது. அப்பா போனைத் திருப்பிப் பிடித்திருந்தார்.

4

யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா பேசினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "நீ சொன்னா உண்மையாத்தான் இருக்கும் நைனா. நீ படிச்சவன். ஆனா கல்யாணப் பேச்சுல துருன்னு ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்றார். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் எதைச் சொல்லக் கூடாது என்று படிக்காதவர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் எதுவும் சரியாக வரவில்லை. செய்துவைத்த மஞ்சள் பொடியை அளந்தால் தண்ணீர்ப் பள்ளம் இருக்க வேண்டியதைவிட ஆழமாக வந்தது. எங்கள் வேலையில் இது ஒரு தலைவலி. தாதுவுக்குள் இருக்கும் தண்ணீரும், அதன்மேல் பட்ட நம் மூச்சின் ஈரமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் பள்ளம் காட்டும். ஆய்வுக்கூடத் தலைவி எட்டிப் பார்த்துவிட்டு, பொடிக்கு மேலே குனிந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாயா என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்டார். நான் உண்மையாகவே அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அமுதாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. கோபம் இல்லை. "அண்ணா, அந்த இரும்பு எப்படித் துருப்புடிச்சுது?"

ஏழு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே கூப்பிட்டு, பழைய காலத்தில் அங்கே தண்ணீர் இருந்ததை, இரும்புக்குள் அது சிக்கிக்கொண்டதை, ஒளியில் பள்ளம் விழுவதை எல்லாம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னால் கடையில் தட்டு கழுவும் சத்தம்.

"அப்போ அங்க தண்ணி ஓடிச்சு."

"ஓடியிருக்கலாம்."

"இருக்கலாமா, ஓடிச்சா?"

"தண்ணி இருந்துது. அது நிச்சயம். எவ்ளோ நாள் இருந்துது, சுடுதண்ணியா குளிர்ந்த தண்ணியா, அதான் எங்க கேள்வி."

"அது உங்க கேள்வி. எனக்கு இது போதும்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பாவே என்னைக் கூப்பிட்டார். நேராக விஷயத்துக்கு வந்தார். சரவணன் சொல்கிறானாம்: துரு என்றால் இரும்பு கெட்டுப்போனது என்று அர்த்தம், தண்ணீர் பட்டுப் பட்டு அங்கேயிருந்த இரும்பெல்லாம் பொடியாக உதிர்ந்துவிட்டது, இரும்பு போனால் சனியும் போன மாதிரிதானே, கிரகமே தண்ணீரில் குளித்துப் பரிகாரம் பண்ணிக்கொண்டுவிட்டது. "அவன் சொல்றதுல ஒரு ஞாயம் இருக்குது. நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். தண்ணி இருந்தது உண்மைதானா தம்பி?"

"உண்மைதாங்க."

"எவ்ளோ?"

அந்த ஒரு கேள்விக்காக இந்தத் துறையில் எத்தனையோ பேர் தலை நரைத்திருக்கிறார்கள். கோடு சொல்வதற்கு மேல் ஒரு சொல்கூடப் பேசாதவன் நான்.

"நிறைய" என்றேன்.

5

அடுத்த வாரமே தட்டு மாற்றிக்கொண்டார்கள். நான் காலையில் வேலைக்குப் போகும் வழியில் டிராம் நிறுத்தத்தில் நின்றபடி வீடியோவில் பார்த்தேன். அமுதா பச்சைப் பட்டு. பெரியப்பா எல்லோரிடமும் செவ்வாயில் தண்ணீர் இருந்த விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா திரும்ப ஊரில் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

எனக்குத்தான் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னதற்காகத்தான் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமுதாவைக் கூப்பிட்டு, எப்படியோ சமாளித்துவிட்டேன், ஆனால் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன். நான் செய்தது அறிவியலுக்குத் துரோகமா, மூடநம்பிக்கைக்குத் துணைபோனதா என்று நீளமாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். அவள் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் சொன்னாள்:

"ரெண்டு தரமும் அந்தக் கிரகத்தைப் பத்தியே பேசினியே. என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னியாண்ணா?"

கஸ்டமர் நிக்கறாங்க என்று வைத்துவிட்டாள்.

உண்மைதான். பெண் எப்படி, குணம் எப்படி என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரும்பு உண்டு, கந்தகம் உண்டு, தண்ணீர் உண்டு என்று சாட்சி சொல்லியிருக்கிறேன். என் தங்கைக்கு ஒரு குறையும் இல்லை என்ற ஒரு வரி என் வாயில் வரவில்லை. எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லியிருக்கக் கூடிய வரி.

6

மறுநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில், ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று ராஜேஸ்வரி அத்தையைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பூக்கட்டிக்கொண்டு இருந்தாராம்.

"இன்னா தம்பி, மறுபடியும் எதாவது கண்டுபுடிச்சிட்டீங்களா?" குரலில் சிரிப்பு பாதி, பயம் பாதி.

"இல்லைங்க அத்தை. அன்னிக்கு நான் கிரகத்தைப் பத்தித்தான் பேசினேன். அமுதாவைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதைச் சொல்லணும்னுதான்."

அத்தை சொன்னார்: "தம்பி, அந்தத் தண்ணிக் கதையை யாரு கட்டினதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? எங்க பையனும் உங்க தங்கச்சியும் ஒக்காந்து கட்டினது. அவன் பெரியப்பா எங்க குடும்பத்துக்குப் பெரியவரு. நாளைக்கு நாலு பேரு கேட்டா சொல்லிக்க அவருக்கு ஒண்ணு வோணும். அதுக்குத்தான் முதல்லயே உங்களைக் கேட்டோம். எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வெத்தலை பாக்கு மாத்திட்டு வந்திருப்போம்."

அன்றைக்கு அவர்கள் என்னிடம் கிரகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வழியைத் திறந்துவைத்துக்கொண்டு, உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான்தான், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். பிரெஞ்சு அம்மாளின் கேள்வியைத் தவறாகக் கேட்டதற்கு மொழி தெரியாததைக் காரணம் சொல்லலாம். இவர்கள் என்னிடம் பேசியது என் சொந்தத் தமிழ்.

"சரி, பொண்ணைப் பத்தி சொல்லணும்னீங்களே. சொல்லுங்க, கேக்கறேன்."

சொன்னேன். மனதார, பிரியமாகத்தான் சொன்னேன். அவளுக்கு நாய் என்றால் உயிர் போகும். தெருவில் நாய் படுத்திருந்தால் நான் குச்சியோடு முன்னால் போனால்தான் வருவாள். யாராவது குரலை உயர்த்திப் பேசினால் கண் கலங்கிவிடும், கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள். கத்திரிக்காய் தொடமாட்டாள். புதுசாக யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அத்தை ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டிக்கொண்டிருந்தார். ம் என்பது மெல்ல மெல்ல இடைவெளி விட்டு வந்தது. நான் முடித்த பிறகு, மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்ற குரலில் கேட்டார்:

"தம்பி, எந்த அமுதாவைச் சொல்றீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"இல்ல, அந்தக் கடை வாசல்ல நாலு நாய் கிடக்குதுங்க. இவ ஸ்கூட்டி சத்தம் கேட்டா நாலும் எழுந்து ரோட்டுக்கே ஓடி வருதுங்க. நான் ரெண்டு வாட்டி அவளுக்குத் தெரியாம அங்க போய் காபி குடிச்சுட்டு வந்தேன், பொண்ணு எப்படின்னு பார்க்க. ஒருத்தன் பில்லுல தகராறு பண்ணினான், நல்ல உசரம், வெள்ளைக்காரன். இவ குரலு சமையல்கட்டுத் தாண்டி கேட்டுது. அவன்தான் கண் கலங்கிட்டுப் போனான்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் சொன்னதெல்லாம் ஏழு வருஷத்துக்கு முன்னால் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றி. விமான நிலையத்துக்கு வரக் காரில் இடம் இல்லாமல் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த பெண். நடுவில் இரண்டு முறை ஊருக்குப் போயிருக்கிறேன்; இரண்டு முறையும் உறவுக்காரர் வீடு வீடாகப் போய்ப் பிரான்சைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

உள்ளே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கருவி காலியாக இருக்கிறது, என் முறை.

"அத்தை, நீங்க சொல்லுங்க" என்றேன். "அவ எப்படி இருக்கா?"

அவர் பூக்கட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். நான் உள்ளே போகாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.